பெட்டிக்குத் தச்ச உறை

இல்ல தம்பி, கம்ப்யூட்டர் வயரை நான் மாத்திப் பாத்துட்டேன். ப்ளக் பாயின்ட்டும் மாத்தியாச்சு, மிக்ஸியைப் பிடுங்கிட்டு அங்ககூட சொருகிப் பாத்தேன். ம்ஹூம். பட்டனை அமுக்கினா உள்ள லைட் வரும், ஃபேன் ஒரு முக்கு முக்கும், அப்படியே அணைஞ்சுரும். எங்க வீட்டுக்காரர் காலைல எந்திரிக்கிற மாதிரியே.

மெமரியா? அதையும் கழட்டி, ரப்பரால தேச்சுத் திரும்ப மாட்டினேன். ஏன் முழிக்கிறீங்க? வீடியோ பாத்துத்தான் செஞ்சேன். கரன்ட்டை நிறுத்திட்டுத்தான் கை வெச்சேன், அவ்வளவு கூறு கெட்டவ இல்ல.

பையன் பெட்டியா? எனக்குப் பையனே இல்லையே. பொண்ணு ஒருத்திதான். அவளோடதுதான் இது, ஒவ்வொரு சாமானா வாங்கி அவளே மாட்டினது. இப்ப வேற ஊர்ல வேலை. விளையாடுறது நான்தான். சிரிக்காதீங்க. நாங்க கோட்டை கட்டுவோம், எதிராளி வந்து இடிப்பான், நாங்க போய் அவனோடதை இடிப்போம். குடும்பம் நடத்தினவளுக்கு இதெல்லாம் புதுசா என்ன?

கொஞ்ச நாளாவே மக்கர்தான். சும்மா மெயில் பாத்தா ஒண்ணும் ஆகாது. ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பாத்துப் பொட்டுன்னு போயிரும். ஆறவிட்டா திரும்ப வரும். நேத்து சாயங்காலம் போனதுதான், பிடிவாதமா வரமாட்டேங்குது.

உங்க ரிப்பேர் கடைக்குக் கொண்டு போகணுமா? ஐயோ, அது மட்டும் வேணாம். ரெண்டு நாளெல்லாம் தாங்காது தம்பி, இன்னைக்கே ஓடியாகணும். வேற கம்ப்யூட்டர்லயா? பாஸ்வேர்டு இந்தப் பெட்டிக்குத்தான் தெரியும், எனக்கு மறந்து போச்சு. அப்படி என்ன அவசரமா? சொல்றேன், நீங்க முதல்ல கழட்டுங்க.

அதுவா, உறை. நான்தான் தச்சேன், பழைய ஜன்னல் துணில. தூசி விழக் கூடாதுல்ல? ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, இந்த வீட்டுல அம்மணமா நிக்கிற சாமானே கிடையாது. பின்னாடி நாடா வெச்சு இறுக்கிக் கட்டிருவேன். ஓடும்போதா? ஓடும்போதும்தான். அதைக் கழட்டிக் கழட்டி மாட்ட யாரால ஆகும்? என்ன, தலைல கை வெச்சுட்டீங்க? மூச்சு முட்டுமா, இதுக்கா?

அடடா, என்னத்த இழுக்கிறீங்க உள்ளேர்ந்து? நூலு! என் உறை நூலேதான். ஓரம் மடிச்சுத் தைக்கச் சோம்பல்பட்டேன், பிரிஞ்சு உள்ள போய் ஃபேனையே கட்டிப் போட்டிருக்கு. பாசம் காட்டுறேன்னு கழுத்தை நெரிச்சிருக்கேன் பாருங்க.

பொண்ணுகிட்ட கேட்டிருக்கலாம்தான். ஆனா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல. ஒரு சண்டை. யார் மேல தப்புன்னு கேட்டா ரெண்டு பேருமே கையைத் தூக்க மாட்டோம், அந்த ரகம். எங்க வீட்டுக்காரர் தன் ஃபோனை எங்கயாச்சும் போட்டுட்டுப் போயிருவாரு. அடிக்குதேன்னு எடுப்பேன். அவ குரலைக் கேட்டதும் நேரா கொண்டு போய் அவர் கையில குடுத்துருவேன். அப்பாகிட்ட குடுன்னு அவ சொல்றதுக்கு முன்னாடி நாமளே குடுத்துட்டா கௌரவமா இருக்கும்ல? குடுத்துட்டு, கதவோரமா நின்னு காதைத் தீட்டிக்குவேன்.

ஆங், வந்துருச்சு! சத்தமே இல்லாம எப்படி ஓடுது பாருங்க. கொஞ்சம் நகருங்க, விளையாட்டைத் திறந்துக்கறேன்.

இதுல எனக்குக் கரடின்னு பேரு. மைக் கெட்டுப் போச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன், கீபோர்டுல எழுதித் தட்டுறதோட சரி. கூட்டாளி ஒருத்தி உண்டு, மின்னல்னு. என்னைக் கரடி அண்ணாம்பா. அவசரக்குடுக்கை. ஆனா எனக்கு அடி விழுந்தா எங்கிருந்தாலும் ஓடி வந்து முன்னாடி நிப்பா. நேத்து திடீர்னு, அண்ணா, ஒண்ணு கேக்கணும், சிரிக்கக் கூடாதுன்னா. கேளும்மான்னு தட்டப் போறேன், இந்த மகராசன் கண்ணை மூடிட்டான்.

இருங்க, இருங்க. மின்னல் பேர் பக்கத்துல பச்சை விளக்கு எரியுது, உள்ளதான் இருக்கா. என்னமோ எழுதியிருக்கா. கண்ணாடியை எங்க வெச்சேன்? சரி, நீங்களே படிங்க. சத்தமாப் படிங்க.

எங்கம்மாவோட நம்பருக்கு நேரா ஃபோன் பண்ணா எடுப்பாங்களா அண்ணா, நான் பேசினாலே அப்பாகிட்ட குடுத்துடுறாங்களே, அப்படியா? அப்படியா எழுதியிருக்கா? அட கிறுக்கி.

ஆமா தம்பி, அவதான். இந்தப் பெட்டிக்காரி. தெரியாது, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. இங்க இருந்தப்ப மின்னல், மின்னல்னு தன் விளையாட்டுப் பேரைச் சொல்லி அவ கத்தாத நாள் உண்டா இந்த வீட்டுல, அதை வெச்சு நான் தேடிப் பிடிச்சுச் சேந்துக்கிட்டேன். நீங்க ஏன் நின்னுட்டீங்க, மூடியை மாட்டுங்க. உறை வேணாம், அதைக் குப்பையில போடுங்க.

பண்ணிப் பாரு தங்கச்சி, எடுப்பாங்க. அவ்வளவுதான், தட்டிட்டேன்.

ஏன் தம்பி, அந்த மேஜை மேல என் ஃபோன் இருக்கும், எடுத்துக் குடுங்களேன். சத்தம் வெச்சிருக்கான்னு பாத்துட்டுக் குடுங்க.