நடை இயந்திரத்து ஆணி

காபியை ஆறவிடாதீர்கள். சிக்கரி கலக்காத பொடி. நானே வறுத்து நானே அரைத்தது. கடையில் அரைத்து விற்பதை நான் வாங்குவதில்லை. அதில் என்னென்ன சேர்கிறது என்று யாருக்குத் தெரியும்?

நீங்கள் சென்னையிலிருந்து ரயிலேறி வந்து, பக்கத்து வீட்டுக் கல்யாணராமனின் கொட்டகையில் காலையிலிருந்து குனிந்து நின்று, உங்கள் கம்பெனி விற்ற நாய் நடை இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்கள். கோளாறு ஒன்றும் அகப்படவில்லை என்றதும் என் அபிப்பிராயம் கேட்க வந்தீர்கள். பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டரிடம் யாரும் இயந்திரத்தைப் பற்றிக் கேட்பதில்லை. நீங்கள் கேட்டீர்கள். அந்த மரியாதைக்காக உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் இயந்திரத்தில் கோளாறு இல்லை. அது எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

கல்யாணராமன் கராச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ரிடையராகி, முப்பத்தாறாம் வருஷம் இந்தச் சிம்மக்கல்லுக்குக் குடிவந்தார். கூடவே டியூக் என்ற சீமை நாயும் வந்தது. கன்றுக்குட்டி உயரம். இந்த ஊர் வெயிலில் அதற்குப் பாதம் பொரிந்தது. விடியற்காலையில் கூட்டிப் போகலாம் என்றால் தெருநாய்கள் ஆற்றங்கரை வரை துரத்திக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தன. நடக்காத நாய் கொழுத்துச் செத்துப்போகும் என்று டாக்டர் சொன்னாராம். உடனே கல்யாணராமன் உங்கள் காட்லாக்கைப் பார்த்து ஆர்டர் எழுதிவிட்டார்.

பெட்டியை நடுத்தெருவில் வைத்துத்தான் உடைத்தார். பச்சை வர்ணம், பித்தளைத் தகடு, அச்சடித்த சிறு புஸ்தகம். ஒரு சாய்வு மேடை, இரண்டு முனையிலும் உருளை, உருளைகளைச் சுற்றி மரச்சட்டங்கள் கோத்த தோல்பட்டை. நாயை மேலே ஏற்றிக் கழுத்துவாரை முன்கம்பியில் கட்டிவிட்டால், அதன் எடைக்கே பட்டை பின்னால் நழுவும். நாய் முன்னால் நடந்துதான் ஆக வேண்டும். நின்ற இடத்திலேயே திருப்பரங்குன்றம் போய் வரலாம். வேகம் மீறாமல் பிடிக்க ஒரு பிரேக் கட்டை. அந்தக் கட்டையை இருத்த விரல் நீளத்தில் ஓர் ஆணி. நல்ல வேலைப்பாடு. நான் அப்போதே சொன்னேன்.

"இதைப் போய் வாங்குவாளா, ஓய்? சொல்லியிருந்தா நானே பண்ணியிருப்பேன்."

கல்யாணராமன் சிரித்தார். "இப்பவும் பண்ணும், யார் வேண்டாம்னா? ஆனா உமக்கு நாய் இல்லையே."

நாய் ஒரு பெரிய விஷயமில்லை என்றேன்.

ஏழு மாதம் பிடித்தது. தேக்குதான் வேண்டும் என்று முடிவு செய்தேன். வீட்டில் இருந்த நல்ல தேக்கு ஊஞ்சல் பலகை ஒன்றுதான். என் மனைவி ஜானு தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் அதைப் பதினெட்டுச் சட்டங்களாக அறுத்தேன். திரும்பி வந்தவள் கூடத்தில் வெறுமனே தொங்கிய சங்கிலிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏன்னா, ஊஞ்சல் எங்க?"

"கொல்லையில இருக்கு. இனிமே அது ஆடாது, நடக்கும்."

அவள் சமையலறைக்குப் போனாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

இயந்திரம் முடிந்தது. உங்களுடையதைவிட ஒரு முழம் நீளம், உருளையும் பருமன். கொஞ்சம் சத்தம் போட்டது; உயிருள்ளது எதுதான் சத்தம் போடாது? நாய்க்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சங்கிலி வந்தான். சங்கிலி என்பவன் விளாங்குடிக்காரன், கூலிக்கார வீட்டுப் பிள்ளை. வயசு முப்பதுக்குள் இருக்கும். டியூக்கைக் குளிப்பாட்டவும், இயந்திரத்துக்கு எண்ணெய் போடவும் கல்யாணராமன் அவனை வைத்திருந்தார்.

"சாமி, எங்கூருல ஒரு செவல நாய் கெடக்கு. நல்ல சாது. கொண்டாந்து விடவா?"

கொண்டுவந்து விட்டான். சாதுதான். மேடையில் ஏற்றியதும் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. கொல்லையில் வேறெங்கும் அத்தனை வழவழப்பான இடம் அதற்குக் கிடைத்திருக்காது. தயிர்சாதத்தைக் காட்டினேன். படுத்தபடியே வாயைத் திறந்தது. நாய்க்கு இயந்திரம் பழக வேண்டும் என்று கல்யாணராமனிடம் சொன்னேன். ஒன்றரை மாதம் அப்படியே சொன்னேன்.

ஒருநாள் சாயங்காலம் கல்யாணராமன் தன் சிநேகிதர்கள் நாலு பேரைக் கூட்டி வந்தார். அதில் அனந்தராமன் என்று ஒருவர், ரிஜிஸ்திரார் ஆபீஸ்காரர். முதலில் அங்கே டியூக் குதிரை மாதிரி ஓடுவதைப் பார்த்தார்கள். பிறகு கொல்லைக் கதவு வழியாக இங்கே வந்தார்கள். செவலை நாய் மூன்று சுற்றுச் சுற்றியது; படுத்தது.

"ஓய் சிவசங்கரன், இது படுக்கிற மெஷினா?" என்றார் அனந்தராமன். "எனக்கு ஒண்ணு பண்ணித் தாரும்."

எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற சங்கிலியும் வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"உனக்கென்னடா சிரிப்பு?" என்றார் கல்யாணராமன்.

"இல்ல சாமி. எங்கூருல சோத்துக்காவது எந்திரிச்சு நடக்கும். இங்க அம்புட்டும் படுத்த எடத்துக்கே வருது."

நல்ல பேச்சுதான். நானும் சிரித்தேன். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். கையால் செய்ததை நாலு பேர் பார்த்துச் சிரித்தாயிற்று. கடையில் வாங்கியதையும் அதே நாலு பேர் ஒரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். இது நியாயமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

பங்குனியில் கல்யாணராமன் குடும்பத்தோடு திருப்பரங்குன்றத்துத் திருக்கல்யாணத்துக்குப் போனார். சங்கிலி பெட்டி தூக்கிக்கொண்டு கூடப் போனான். நடுப்பகலில் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போய் பிரேக் ஆணியை எடுத்தேன். ஆணியின் துளையில் ஒரு கீறல்கூட இல்லை, ஆகவே யாரும் கைவைத்திருக்க முடியாது என்று சற்றுமுன் சொன்னீர்கள். உங்கள் வாயால் அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. குறட்டின் வாயில் பட்டுத்துணி சுற்றியிருந்தேன்.

ஆணி இல்லையென்றால் எண்ணெய் போடுகிறவன் கண்ணில் பட்டுவிடும். ஆகவே அதே அளவில் இன்னொன்று செய்து வைத்திருந்தேன். அரக்கை உருக்கி அச்சில் வார்த்து, உங்கள் பச்சையைப் போலவே வர்ணம் கலந்து தீட்டினேன். பச்சை சரியாக வர நாலு நாள் ஆயிற்று. அதைத்தான் துளையில் மாட்டினேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது கம்பெனி ஆணி, எது என் ஆணி என்று உங்களாலேயே சொல்லியிருக்க முடியாது.

வீட்டுக்குள் வந்தபோது ஜானு பார்த்தாள். "கையெல்லாம் எண்ணெயா இருக்கே, எங்க போயிருந்தேள்?"

"பக்கத்தாத்து மெஷினைப் பாத்துட்டு வரேன்."

பொய் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே நாலு பேர் வந்தார்கள். நான்தான் வரச் சொல்லிச் சொல்லியனுப்பியிருந்தேன். கைக்கடிகாரமும் நோட்டுப் புஸ்தகமுமாகக் கொல்லைக் கதவோரம் நின்றேன். சங்கிலி எண்ணெய் போட்டு, ஆணியைத் தொட்டுப் பார்த்து, டியூக்கை ஏற்றிக் கட்டினான். முதல் நிமிஷம் உருளை நாற்பது சுற்று. இரண்டாம் நிமிஷம் நாற்பத்திரண்டு. மூன்றாம் நிமிஷம் ஆணி முறிந்தது. பிரேக் கட்டை மேலே எழும்பியது. பட்டை ஓட ஆரம்பித்தது. டியூக்குக்குக் கால் தவறியது. கழுத்துவாரில் தொங்கிக்கொண்டு நாக்கைத் தள்ளியது.

நாலு பேரும் சிரிக்கவில்லை. அது எதிர்பாராதது.

சங்கிலி ஓடிவந்தான். முதலில் வாரை அவிழ்க்கப் பார்த்தான், இறுகிக்கொண்டது. அடுத்து அவன் பட்டையைப் பிடித்து நிறுத்தத்தான் போவான், பிடித்தால் சட்டம் கையை உருளைக்குள் கொண்டுபோகும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. அந்த உருளையின் படத்தை எத்தனை தடவை வரைந்திருப்பேன். "எடு" என்று ஒரு வார்த்தை சொல்ல நேரமும் இருந்தது. ஆனால் நான் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் பேசினால் எண்ணிக்கை தவறிவிடும்.

நாய் பிழைத்துக்கொண்டது. சங்கிலிக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. அந்த மூன்றாம் நிமிஷம் நூற்றுப் பதினொரு சுற்று. நோட்டில் இருக்கிறது, பார்க்கிறீர்களா?

தரையில் கிடந்த அரக்குத் துண்டுகளை நான்தான் பொறுக்கினேன். எல்லோரும் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் கல்யாணராமன் என்னைக் கூப்பிட்டு, "உமக்குத்தானே இதெல்லாம் தெரியும், பார்த்துச் சொல்லும்" என்றார். பார்த்தேன். "ஆணி இல்லையே, ஓய்" என்றேன். இல்லைதானே.

ஆணியை மாட்டாமல் விட்டான் என்று கல்யாணராமன் சங்கிலியை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். உங்களுக்கும் புகார் எழுதினார். எதையும் ஒரே ஆளோடு விடுகிறவர் அல்ல அவர்; ஒன்றரை வருஷம் விடாமல் எழுதித்தான் உங்களை வரவழைத்திருக்கிறார். கையில் கட்டோடு சங்கிலி அவர் வாசலில் வந்து நின்றான்; நானும் அங்கே இருந்தேன்.

"ஆணி இருந்துச்சு சாமி. தொட்டுப் பாத்துட்டுத்தான் நாயை ஏத்துனேன்."

"இருந்தா எங்கடா போச்சு?" என்றார் கல்யாணராமன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தெருவைப் பார்த்தேன். ஒரு மாதம் கழித்து அவனே, "மாட்டாமத்தான் விட்டுட்டேனோ என்னமோ, சாமி" என்று சொல்ல ஆரம்பித்தான். ஒரு மனிதன் எத்தனை சீக்கிரம் தன் கண்ணையே சந்தேகப்படுகிறான் பாருங்கள். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

அவனுக்கு அரிவாள் பிடிக்க முடியவில்லை, மண்வெட்டியும் பிடிக்க முடியவில்லை. அவன் பெண்டாட்டி சுந்தரம்மாள் இரண்டு குழந்தைகளோடு வந்து அழுதாள். யாரும் வேலை கொடுக்காதவனுக்கு நான் கொடுத்தேன். சிம்மக்கல்லில் இதைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். சுந்தரம்மாள் என்னை எங்கே கண்டாலும் விழுந்து கும்பிடுகிறாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

ஜானு மட்டும் இதில் ஒத்துழைக்கவில்லை. ஒருநாள் இலையைப் போட்டுவிட்டு, "ஏன்னா, அவன் கையைப் பாத்துட்டு எப்படி உங்களுக்குச் சாதம் இறங்கறது?" என்று கேட்டாள். என் கையையும் பார்த்தாள். அடுத்த வாரம் திருச்சியில் மகள் வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை. காவேரித் தண்ணீர் அவள் உடம்புக்கு ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, காபி முடிந்ததென்றால் கொல்லைக்கு வாருங்கள். என் இயந்திரத்தை நீங்கள் பார்க்க வேண்டும். வரைபடம் தயாராக வைத்திருக்கிறேன். பிடித்திருந்தால் உங்கள் கம்பெனியே எடுத்துக்கொள்ளலாம். நாய் கடைசிவரை நடக்கவில்லை. அது நாயின் குறை. மேடையை இன்னும் இரண்டு முழம் நீட்டி, உருளையோடு ஒரு கப்பியைச் சேர்த்தேன். இப்போது கிணற்றுத் தண்ணீர் தானாகத் தொட்டிக்கு ஏறுகிறது. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். சங்கிலிதான் நடக்கிறான். நடக்க விரல் வேண்டாமே. இடது கையால் முன்கம்பியைப் பிடித்துக்கொள்வான். தூக்கம் வந்து விழுந்துவிடாமல் இருக்க இடுப்பில் ஒரு வார், அவ்வளவுதான். பதினான்கு மாதத்தில் ஒரு சட்டம் விரிசல் விட்டதில்லை. கடையில் வாங்கியது இப்படி உழைக்குமா?

அவனிடம் ஆணி விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. என் மனசில் ஒளிவுமறைவு கிடையாது. இன்றைக்கே உங்களிடம் சொல்லிவிட்டேனே. ஆனால் அவன் நன்றியோடு நடக்கிறான், ஐயா. அந்த அடி ஒரே சீராக விழுகிறது. மனசில் வருத்தம் வைத்துக்கொண்டு நடக்கிறவனுக்குக் கால் ஒருபக்கம் அழுந்தும், உருளை சீக்கிரம் தேய்ந்துவிடும்.