இந்தப் படகுல நான், அந்தப் படகுல அவர்

உக்காருங்கம்மா, உக்காருங்க. அந்த சீட்டுக்கு ஆள் வரமாட்டாரு. பைய எடுத்துடறேன், இருங்க... யாருக்குப் புடிச்சு வச்ச எடமா? எங்க வீட்டுக்காரருக்குத்தான். அதோ, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாருங்க, நீலமா ஒரு படகு போகுதுல்ல? அதுல போறாரு சாரு. வடக்குத் தீவுக்கு. நான் தெக்குத் தீவுக்கு. முப்பது வருஷத்துல மொத தடவையா புருஷன் பொண்டாட்டி சேந்து லீவுக்குக் கெளம்புனோம், லட்சணத்தப் பாருங்க. சிரிக்கணும்னா சிரிச்சுக்குங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

சண்டையா? சேச்சே. கேட்டாரு, பதில் சொன்னேன், அவ்ளோதான். எட்டு மாசமா ஒரே கேள்வி. "வடக்கா, தெக்கா?" பல்லு வெளக்கறப்ப கேப்பாரு, துணி காயப்போடறப்ப கேப்பாரு. நானும் "உங்க இஷ்டம்"னேன். வேற என்னம்மா சொல்லுவாங்க? அத வச்சுக்கிட்டு இந்த மனுஷன் நெஜமாவே அவர் இஷ்டத்துக்கு வடக்குன்னு முடிவு பண்ணிட்டாரு! ரெண்டு நாள் நான் பேசல. உடனே, "சரி, தெக்குக்கே போவோம்"னாரு. "எனக்காக ஒண்ணும் மாத்த வேணாம்"னேன். திரும்பவும் வடக்குன்னுட்டாரு! "உங்க இஷ்டம்"னா என் இஷ்டம்னு அர்த்தம்... இதுகூடவா வெளங்காது ஒரு ஆளுக்கு?

ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லம்மா. ரெண்டும் கையகலத் தீவுதான். அதே கடல், அதே மணல். ஆனா வடக்குல நாலு மாடி ஓட்டல் ஒண்ணு இருக்கு. நாலு மாடின்னா? லிப்ட் இருக்கும்! எங்க வீட்டுக்காரருக்கு லிப்ட் ரிப்பேர்தான் வேலையே. லிப்ட்டப் பாத்துட்டாருன்னா ஆளே மாறிடுவாரு. உள்ள போனதும் சுவத்துல காத வப்பாரு. "சத்தம் கேக்குதா, கயிறு தேயுது பாரு"ம்பாரு. எனக்கு எங்க கயிறு கேக்குது? பின்னாடி நிக்கறவங்க சிரிக்கறதுதான் கேக்குது. எங்க பொண்ணு கல்யாணத்தன்னிக்கு சம்பந்திவீட்டுக்காரங்க வந்து எறங்குறாங்க, பொண்ணோட அப்பாவக் காணோம். எங்க இருந்தாருங்கறீங்க? மண்டபத்து மொட்டை மாடியில, லிப்ட் மெஷினுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு... புதுச் சட்ட பூரா கிரீஸு!

வீட்லயும் அதே கததான். தட்டுல கை வப்பாரு, போன் வரும். மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு அப்படியே எந்திரிச்சு ஓடுவாரு. அந்தத் தட்ட மூடி வக்கிறது, தொறந்து பாக்கறது, சுட வக்கிறது... என் ஆயுசுல பாதி அதுலயே போச்சும்மா.

அதான் தெக்குத் தீவு. அங்க மாடின்னே ஒண்ணு கெடையாதாம், எல்லாம் ஒத்த ஒத்த வீடு. நாலே நாலு நாளு, எவன் கதவும் மாட்டிக்காம, எம்மூஞ்சியப் பாத்து உக்காந்து சாப்பிடணும் அந்த மனுஷன். வேற ஒரு ஆசையும் இல்ல எனக்கு... அவர்கிட்ட சொன்னேனாவா? எதுக்குச் சொல்லணும்? தானாத் தெரிய வேணாம்?

காலையில படகுத்துறையில ரெண்டு படகும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது. பெட்டியெல்லாம் வடக்குப் படகுல ஏத்திட்டாரு. நான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னேன். "என்னாச்சு"ன்னாரு. "உங்களுக்கு லிப்டுதான முக்கியம், போங்க"ன்னேன். "அதில்லடி, அந்தத் தெக்குத் தீவுல..."ன்னு இழுத்தாரு. நான் காதுலயே வாங்கல. விறுவிறுன்னு போயி டிக்கெட் எடுத்து இதுல ஏறிட்டேன். "இரு இரு, பெட்டிய எடுத்துட்டு வரேன்"னு வடக்குப் படகுக்குள்ள ஓடுனாரு பாருங்க... ஹாரன் அடிச்சு அந்தப் படகு கெளம்பிடுச்சு! மேல நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் ஆட்டுறாரு. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

போன் பண்றதா? அவர் போன் இங்கல்ல இருக்கு, என் பைக்குள்ள. எவனும் கூப்பிடக் கூடாதுன்னு நேத்தே புடுங்கி வச்சுட்டேன்.

ஓ, நீங்க தெக்குத் தீவுலயே வேலை பாக்குறவங்களா? அப்ப நல்லதாப் போச்சு. தங்கறதுக்கு வெள்ளை வெள்ளையா வீடு இருக்குமே, மேட்டு மேல... ஆங், அதேதான். என்னது? படியா? எத்தன? நூத்தி நாப்பதா! வண்டி கிண்டி எதுவும்... அதுவும் போகாதா? அட கடவுளே. எனக்கு முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சும்மா. நாங்க இருக்கறது மொத மாடி. பதினெட்டே படி. அதுக்கே நடுவுல ஒரு ஸ்டூல் போட்டு வச்சிருக்காரு அவரு, நான் உக்காந்து உக்காந்து ஏறட்டும்னு...

இருங்க. இருங்கம்மா.

லிப்ட் உள்ள ஓட்டலாத் தேடுனது... அவருக்கில்லையா? "அதில்லடி"ன்னாரே... அதுக்கு மேல இதத்தான் சொல்ல வந்தாரா? பாவி மனுஷா! நான் ஒரு கூறுகெட்டவ, பேசவே விடலியே. அழுகையா வருதும்மா எனக்கு. தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க.

கரை வந்துடுச்சா? நீங்க எறங்குங்க, நான் எறங்கல. அண்ணே! படகுக்கார அண்ணே! இது திரும்ப எப்பக் கெளம்புது? அரை மணியா? சரி, நான் இப்படியே உக்காந்துக்கறேன். படகுத்துறைக்கே திரும்பிப் போயி வடக்குப் படகப் புடிச்சுக்கறேன்... இல்லம்மா, அவர் எங்கயும் போயிருக்க மாட்டாரு. லிப்ட் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துலயே நிப்பாரு.

போயி எறங்குனதும் மொதல்ல இருக்கு அவருக்கு! பின்ன என்னம்மா? "உன் முட்டிக்காகத்தான்"னு எட்டு மாசத்துல ஒரு தடவ சொல்லியிருந்தா கொறஞ்சா போயிடுவாரு? மனசுல இருக்கறத வாயத் தொறந்து சொல்லாட்டி அடுத்தவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?