லாக்ல விழாத எரர்

இல்ல ரெஜிஸ், உக்காந்து பேசுங்க. வேலைய விட்டுப் போயி மூணு மாசம் கழிச்சு ஆபீசுக்கு வந்திருக்கீங்க, நின்னுக்கிட்டே சண்டை போட்டா எப்படி? ரெங்கராஜ் அண்ணேன்னு வாய் நெறயக் கூப்புடுவீங்க, இப்ப என்ன புதுசா சாரு?

சரி, லேப்டாப்ப இப்படித் திருப்புங்க. ம்... அட, தப்ப சரியாத்தான் புடிச்சிருக்கீங்க! கிட் (Git) சர்வர்லேருந்து புது புரோகிராம் கோட இறக்குறப்ப, ஒழுங்கா நடக்குற சேதி ஒரு வழியா வரும், எரர் வேற வழியா வரும். அத இறக்குற நம்ம ஸ்கிரிப்ட்டு, மொத வழில வர்றத மட்டுந்தான் லாக் ஃபைல்ல பதிவு பண்ணும். எரர் ஸ்கிரீன்ல வந்துட்டு அப்படியே போயிரும். அடுத்த வரி அது பாட்டுக்கு, எல்லாம் முடிஞ்சிச்சுன்னு லாக்ல எழுதிரும். கடைசில 2>&1னு நாலே எழுத்து சேத்திருந்தா எரரும் உள்ள விழுந்திருக்கும்.

ஆமாங்க, நீங்க சொன்னதெல்லாம் நெசந்தான். ஸ்கிரீன்ல எரர் வந்துச்சு. எனக்குப் போன் பண்ணீங்க. லாக் ஃபைலப் பாருங்க, அதுல எரர் ஒண்ணுமில்லன்னா கெளம்புங்கன்னு நாந்தான் சொன்னேன். புதுசு இறங்காம பழைய கோடே ஓடி, லாட்ஜ் புக்கிங்ல வைகுண்ட ஏகாதசிக்கு ஒரே ரூமை ரெண்டு குடும்பத்துக்குக் குடுத்துருச்சு. ஸ்ரீரங்கத்துல லாட்ஜ் வாசல்ல கைக்கொழந்தையும் பெட்டியுமா நின்னாங்க பாவம். லாட்ஜ்காரர் இங்க வந்து என்னா கத்து கத்தினாரு!

தெரியுமாவா? ஸ்கிரிப்ட்டே நான் எழுதினதுங்க. எரர் வந்துச்சுன்னு மீட்டிங்ல நீங்க அழுதுக்கிட்டே சத்தியம் பண்ணீங்களே, அப்பவே தெரியும். லாக் என் கையிலதான் இருந்துச்சு, அதுல எரரே இல்லன்னு நாந்தான காட்டினேன். எம்.டி.க்குப் பழி போட யாராச்சும் ஒருத்தர் வேணும். நான் இருக்க முடியுமா, சொல்லுங்க? இத்தன சின்ன விஷயத்தக் கண்டுபுடிக்க உங்களுக்கு மூணு மாசம். அதான் சொன்னேன், இந்த வேல உங்களுக்கு ஒத்து வராதுன்னு.

எம்.டி. ரூம் அந்தப் பக்கம். போங்க, காட்டுங்க. ஸ்கிரிப்ட்ட யாரு எழுதினதுன்னு ஹிஸ்டரில எம்பேரு இருக்குதா? இருக்கட்டுமே. அவருக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாது. ரெங்கராஜ், இது என்னன்னு பாத்துச் சொல்லுய்யான்னு எங்கிட்டதான் அனுப்புவாரு.

கெளம்பிட்டீங்களா? டீ வரச் சொல்லியிருக்கேனே. அந்தத் துவாக்குடி கம்பெனில திங்கக்கெழம சேரணும்ல நீங்க? காலைல போன் பண்ணி, ஆளு எப்படின்னு கேட்டாங்க. எவ்வளவோ கேட்டுப் பாத்தாங்க, என் வாயால உங்களப் பத்தி ஒரு கொறை சொல்லலயே. மீட்டிங்ல காட்டுன அந்த லாக்க மட்டும் அனுப்பி வச்சேன்.