ஒற்றைக்கால் சைக்கிள்

சீட்டைத் தாழ்வாக வைத்துக்கொண்டு, முழங்கால் மார்பில் இடிக்க சைக்கிள் மிதிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. நிறுத்தி, இறங்கச் சொல்லி, நாலு விரற்கடை உயர்த்திக் கொடுத்துவிட்டுத்தான் நகர்வேன். இன்று காலைகூட உங்கள் ஸ்டேஷன் வாசலில் ஒரு பூக்காரருக்குச் செய்தேன். வர ஐந்து நிமிடம் தாமதமானது அதனால்தான். மன்னிக்கணும், மேடம்.

நீங்கள் தமிழிலேயே கேட்பது எனக்கு வசதி. பேச்சைக் கேட்டால் கோலார் தங்கவயல் பக்கம் போலிருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் கன்னடத்தில் டைப் அடித்துக்கொள்ளட்டும். எனக்குக் கன்னடம் நன்றாக வாசிக்க வரும். கடைசியில் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னாலும் இதையேதான் சொல்லப்போகிறேன், பயப்படாதீர்கள்.

பெயர் ஜெயராமன், வயது அறுபத்தொன்று. தொம்மலூரில் பிறந்து தொம்மலூரிலேயே இருக்கிறேன். விமானத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தேன். நாலு தடவை மாநில சாம்பியன், இரண்டு தடவை தேசிய சாம்பியன். இதெல்லாம் தெரியாவிட்டாலும் அந்தப் போட்டோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் சங்க அலுவலக வாசலில் ஒரு கையால் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். இன்றைக்கும் அதைப் பனியனில் அச்சடித்து விற்கிறார்கள். ஐ.டி. கம்பெனிக்காரர்கள் அதைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்கு மிதிக்கிறார்கள்.

அந்த சைக்கிளின் முன் சக்கரத்துக்கு ஒரு பக்கம்தான் கால். எல்லா சைக்கிளிலும் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும். என்னுடையதில் இடது பக்கம் வெறும் காற்று. ஒரு கால் போதும்போது இரண்டு எதற்கு என்பது என் கேள்வி. ஹேண்டில்பாரையும் எடுத்துவிட்டு மார்புக்குக் கீழே இரண்டு கொம்புகள் வைத்தேன். நான் வரைந்து கொடுத்ததை வெல்டிங் செய்தவன் சுந்தரமூர்த்தி. என்னோடு வேலை பார்த்தவன், என் சிநேகிதன். முதல் தடவை பார்த்ததும் சங்கத்துச் செயலாளர், "இது சைக்கிளா வெட்டுக்கிளியா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் ஜெயித்த பிறகு சிரிப்பு நின்று தடை வந்தது. அடுத்து ஒன்று செய்தேன், மல்லாந்து படுத்து ஓட்டுவது. அதற்கும் தடை. நான் மனம் உடைந்துபோனதாகப் பத்திரிகையில் எழுதினார்கள். ஒரு மண்ணும் இல்லை. தடைக் கடிதங்களைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். எவன் எழுதின விதிக்கும் நான் தலை குனிந்ததில்லை.

தொண்ணூற்றொன்றில் அவர்கள் முகத்தில் கரி பூசவேண்டுமென்றே பெங்களூரிலிருந்து மைசூருக்கு ஒற்றைக்கால் சைக்கிளில் போனேன். நூற்று நாற்பது கிலோமீட்டர், மூன்று மணி இருபத்தைந்து நிமிடம். அந்தப் பழைய ரோட்டில் அதை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை.

இந்த இடத்தில் டைப் அடிப்பதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். இது உங்களுக்குப் புரிவதற்காக மட்டும்.

மண்டியா தாண்டியதும் அந்த ஒற்றைக் கால் முறுக்கிக்கொண்டது. நூறு கிலோமீட்டர் ஆகியிருந்தது. பின்னால் மெட்டடார் வேனில் வந்துகொண்டிருந்தது சுந்தரமூர்த்தி ஒருவன்தான். வேனில் அவனுடைய பச்சை சைக்கிள் இருந்தது. இரும்பு சைக்கிள், இரண்டு காலும் உள்ளது, எந்தக் கடையிலும் கிடைப்பது. மீதி நாற்பது கிலோமீட்டரை நான் அதில் மிதித்தேன். மைசூருக்கு முக்கால் கிலோமீட்டர் முன்னால் ஒரு புளியமரத்தின் மறைவில் மறுபடி மாறினேன். அதற்குள் அவன் குழாயைச் செருகி அந்தக் காலை ஒருமாதிரி நிமிர்த்தி வைத்திருந்தான். பத்திரிகைக்காரர்கள் நின்ற இடத்துக்கு ஒற்றைக்காலில் வந்து சேர்ந்தேன்.

முப்பத்து மூன்று வருஷம் அவன் வாய் திறக்கவில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. எங்களுக்குள் அந்தப் பேச்சே வராது.

ரிடையரான பிறகு அவன் ஈஜிபுராவில் சின்னதாக ஒரு சைக்கிள் கடை வைத்தான். அந்தப் பச்சை சைக்கிளை விற்கவில்லை, தினமும் அதில்தான் போவான் வருவான். போன வருஷம் அதிதி என்று ஒரு பெண் என்னைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தாள். கெட்டிக்காரி. ஒரு காட்சிக்கூடமும் வரப்போவதாகச் சொன்னாள். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒற்றைக்கால் சைக்கிள் நிற்கும். நான் செத்த பிறகும் அது அங்கே நிற்கும் என்று நினைக்கும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, மேடம்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு சுந்தரமூர்த்தியின் கடைக்குப் போயிருந்தேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தான்.

"ஜெயராமா, விஜயதசமி அன்னிக்கு என்னப் பேட்டி எடுக்கறேன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கா. மண்டியா விஷயத்த சொல்லிடலாம்னு இருக்கேன்."

"இப்ப எதுக்கு?"

"எவனப் பாத்தாலும் அந்த சைக்கிளத்தான் பேசறான். எனக்கு வயிறு எரியுதுடா. நூறு கிலோமீட்டர் மிதிச்ச கால வெச்சிக்கினு, சாதா சைக்கிள்ல, முன்னவிட வேகமா போன நீ. நான் டைம் பாத்தேன். எவனால முடியும் அது? சைக்கிள் ஒண்ணும் பெருசில்ல, நீதான்டா பெரிய ஆளு. நான் சாவறதுக்குள்ள அத சொல்லிப்புடணும்."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. என்னைப் புகழத்தானே செய்தான் என்று உங்களுக்குத் தோன்றும். கொஞ்சம் யோசியுங்கள். வேகமாக மிதிக்கிற கால் ஊருக்கு நாலு பேரிடம் இருக்கிறது. அந்த சைக்கிள் என் ஒருவனிடம்தான் இருந்தது. சாதா சைக்கிளில் இன்னும் வேகமாகப் போனேன் என்றால் என்ன அர்த்தம்? வெட்டுக்கிளி என்று சிரித்தவன் சரியாகச் சிரித்தான் என்று அர்த்தம். தடை போட்டவர்கள் சரியாகத்தான் போட்டார்கள் என்று அர்த்தம். அப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கப்போவது அந்தப் பச்சை சைக்கிள். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று என் தோளில் தட்டினான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், அவன் மனசு மாறவில்லை.

இனி டைப் அடிக்கலாம்.

சுந்தரமூர்த்தி ஸ்பானர் வைத்துப் பார்க்காமல் சைக்கிளில் ஏறமாட்டான். முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் முன் சக்கரத்து நட் இரண்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பான். தொழிற்சாலைப் பழக்கம். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அதற்கு விதிவிலக்கு. ஆயுத பூஜையன்று ஸ்பானர், சுத்தியல், காற்றடிக்கிற பம்ப் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து சாமி முன்னால் அடுக்கிவிடுவான். மறுநாள் பூஜை முடிகிறவரை எதையும் தொடமாட்டான். ஆனால் வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஒரு சுற்றுப் போய்வருவது வழக்கம். அன்றைக்கு மட்டும் அவன் பார்க்காமல் ஏறுவான் என்பது எனக்குத் தெரியும்.

மாலை நாலரை மணிக்கு பூஜை முடிந்தது. பூசணிக்காய் உடைக்க எல்லோரும் தெருவுக்குப் போனார்கள். அதிதியும் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். கடைக்குள் நானும் பச்சை சைக்கிளும் மட்டும்தான். என் பாக்கெட்டில் எப்போதும் ஒரு ஸ்பானர் இருக்கும். இரண்டு நட்டையும் தளர்த்தினேன். எவ்வளவு என்பதுதான் விஷயம். அதிகம் தளர்த்தினால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். சமதளத்தில் ஆளின் கனமே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹம்ப்பில், அதாவது வேகத்தடையில் எழும்பினால்தான் கழல வேண்டும். இந்த ஊரில் ஹம்ப்புக்கா பஞ்சம்? பாலிடெக்னிக்கில் படித்தவர்களுக்குக்கூட இந்த அளவு கைவராது.

அவன் வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிப் பார்த்தான். பழகிய கை, உடனே கண்டுபிடித்துவிட்டது.

"முன்னாடி ஏதோ ஆடற மாதிரி இருக்குடா."

"மாலை கட்டியிருக்கில்ல, அதுவா இருக்கும்."

"இல்ல, நட்டு லூசாட்டம் தெரியுது. நான்தான் தொடக்கூடாது. உனக்குத்தான் சாமியும் கெடையாது, சம்பிரதாயமும் கெடையாதே. ஒரு தபா இறுக்கி விடேன்."

"நல்ல நாள் அதுவுமா எதுக்கு? இன்னைக்கு ஸ்பானரத் தொடக்கூடாது. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவன் சிரித்தான். "உனக்கும் பக்தி வந்துடுச்சா" என்றான். குங்குமம் கலைந்துவிடும் என்று ஹெல்மெட் போடவில்லை. அது நான் எதிர்பார்க்காதது. போடச் சொல்லியிருக்கலாம்.

கட்டி முடியாத மேம்பாலத் தூண்களைத் தாண்டி ஒரு இறக்கம் இருக்கிறது. அதன் அடியில் ஹம்ப். அங்கேயும் யாரோ பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான், நினைவு திரும்பவில்லை. வழுக்கி விழுந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். விழுந்ததில் சக்கரம் கழன்றது என்று எழுதிக்கொண்டார்கள். மூன்று நாளும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். அவன் மனைவி அன்னம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தராவது கூட இருக்கீங்களேண்ணா" என்று அழுதாள். நானும் அழுதேன். நடிப்பென்று நினைக்காதீர்கள். அவனைப்போல ஒரு சிநேகிதன் எனக்கு இனி கிடைக்கமாட்டான்.

அடுத்த வாரம், ரோட்டில் பூசணிக்காய் உடைக்காதீர்கள் என்று ஒரு வீடியோ போட்டேன். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். அதனால் இந்த வருஷம் சில உயிர்கள் பிழைத்திருக்கும். அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவன் சட்டைக்குள் அதிதி குட்டி மைக் ஒன்று மாட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. படத்தொகுப்புக்கு உட்கார்ந்தபோது அதில் பதிவான எங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறாள். ஜெயராமன் சார் சம்பிரதாயம் பேசுவாரா என்று அவளுக்கு உறுத்தியிருக்கிறது. என்னை அவ்வளவு சரியாகப் புரிந்துவைத்திருக்கிறாள். அதில் எனக்குப் பெருமைதான். நேற்று நீங்கள் அதைப் போட்டுக் காட்டியபோது நான் மறுக்கவில்லை. மறுக்க எனக்கு என்ன இருக்கிறது? செய்ததைச் செய்தேன் என்று சொல்ல நான் எந்தக் காலத்திலும் பயந்ததில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். சுந்தரமூர்த்தியை நான்தான் கொன்றேன். சாகவேண்டும் என்று நினைத்து, நாள் பார்த்து, நிதானமாகச் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. காரணம் கேட்டால் சொந்தப் பகை என்று போடுங்கள். வேண்டுமானால் பொறாமை என்று போடுங்கள், பைத்தியம் என்று போடுங்கள். எதன் அடியிலும் கையெழுத்துப் போடுகிறேன். தூக்கில் போட்டாலும் சரி.

மண்டியாவில் சைக்கிளை மாற்றினேன் என்று மட்டும் ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது. அப்படி ஒன்று நடக்கவேயில்லை, மேடம். நடந்ததைப் பார்த்தேன் என்று சொல்ல ஒரு ஆளைக் கூட்டிவாருங்கள் பார்ப்போம்.