அரை மணி நேரம்

இந்த நாற்காலியின் கால் இப்போது ஆடவில்லையே, சரிசெய்துவிட்டீர்கள் போலிருக்கிறது. நான் இந்த அறையில் விசாரணை அதிகாரியாக இருந்தபோது, எதிரே உட்காருகிறவர்கள் எல்லோரும் ஆடிக்கொண்டேதான் பதில் சொன்னார்கள். இன்று நானே எதிரே உட்கார்ந்திருக்கிறேன். கேளுங்கள், மறைக்க ஒன்றுமில்லை.

சந்தையை ஒரே கம்பெனி வளைத்துப் போடாமல் பார்ப்பதுதான் நம் வேலை. அந்த மாதம் இரண்டு புகார்கள் வந்தன. இரண்டிலும் குற்றம் ஒன்றுதான்: ஆப்பில் பொருளைத் தேடினால் மற்ற கடைகளைக் கீழே தள்ளிவிட்டு, தங்கள் சரக்கையே மேலே காட்டுகிறார்கள். ஒன்று, நம் எல்லோருடைய போனையும் ஆள்கிற பெரிய கம்பெனி. இன்னொன்று, வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் சின்னக் கம்பெனி. தையல் கடைக்கு மேலே ஒரு பெண்ணும் அவள் தம்பியும் நடத்தியது.

பெரிய கம்பெனிக்குக் கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவைப்பது நம் வழக்கம். அவர்கள் வக்கீல் சிரித்துக்கொண்டே, "சட்டுனு நிறுத்தினா ஜனங்கதான் சார் தவிச்சுப் போவாங்க" என்றார். நியாயமாகப் பட்டது. அவகாசம் கொடுத்தேன். பிறகு மறுபடியும் கொடுத்தேன். என் மகனுக்கு அங்கே வேலை கிடைத்தது அதற்கு அப்புறம்தான், முன்பல்ல. அந்த விஷயத்தில் நான் கறார்.

சின்னக் கம்பெனி என்றால் சொல்லாமல் கொள்ளாமல் போவோம். ஆண்டறிக்கை நெருங்கும்போது ஏதாவது செய்ததாகக் காட்ட வேண்டாமா? காலையிலேயே போய், சர்வரை அணைத்து சீல் வைக்கச் சொன்னேன். அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சார், ஆர்டர் ஓடிக்கிட்டிருக்கு. அரை மணி நேரம் குடுங்க, நம்பரெல்லாம் இந்த சர்வர்லதான் இருக்கு, எல்லாருக்கும் போன் பண்ணி வேற ஏற்பாடு பண்ணிக்கச் சொல்லிடறோம். சிலிண்டர் தீர்ந்தா மூச்சு நின்னுடும் சார்."

வக்கீல் சொன்ன அதே காரணம்தான். ஆனால் இவள் அழுதுகொண்டே சொன்னாள். அழுகையைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். "இதையெல்லாம் முன்னாடியே யோசிச்சிருக்கணும்மா" என்றேன்.

திரையில் ஆர்டர்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அதில் என் அக்கா வீட்டு முகவரியும் வந்தது. அத்தானுக்கு நுரையீரல் கெட்டுப் போய் வெகுநாளாயிற்று. சிலிண்டர் இல்லாமல் அவர் ஒரு வேளைகூடத் தாங்கமாட்டார். அந்த ஆப்பை அக்கா போனில் போட்டுக் கொடுத்தவனே நான்தான்.

கொஞ்சம் யோசித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். சொந்தக்காரர் வீடு என்பதற்காக அரை மணி கொடுத்தால் நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவார்கள்? வயரை நானே பிடுங்கினேன். அக்காவுக்குப் போன் செய்யவும் இல்லை; சோதனை நடக்கும்போது வெளியாட்களிடம் பேசக் கூடாது என்பது விதி.

மதியம் அத்தான் போய்விட்டார். வேறு வீடுகளிலும் சிலர் போனார்கள். அந்தப் பெண் கம்பெனியை இழுத்து மூடினாள். ஆக்சிஜன் வியாபாரம் இப்போது பெரிய கம்பெனியிடம் இருக்கிறது. அங்கேயும் அவர்கள் சிலிண்டர்தான் முதலில் தெரிகிறது.

தெரிந்தேதான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அன்றைக்குச் சாவு வீட்டு வாசலிலேயே அக்கா என்னை நிறுத்தி, "அந்தப் பெரிய கம்பெனிக்காரன் கேட்டிருந்தா குடுத்திருப்பே இல்லடா?" என்று கேட்டாள். துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். பாவம், சொந்த அத்தான் என்றுகூடப் பார்க்காத என் நேர்மை அவளுக்கு இன்னும் புரியவில்லை.