அமரர் எழுதிய புதிய நாவல்

அந்த நாற்காலியில் உட்காருங்கள் சார். இதன்மேல் வேண்டாம், இது ஸ்டூல் இல்லை. என் கணவரின் விற்காத புத்தகக் கட்டு.

பதிப்பாளர் யாரும் சீந்தாததால் அவரே காசு போட்டு அச்சடித்தார். அப்புறம் காலம் மாறிவிட்டது என்று மின்னூலுக்குத் தாவினார். எழுதுவது மட்டும்தான் அவர். அட்டை போடுவது, இணையத்தில் ஏற்றுவது, கூவிக் கூவி விற்பது எல்லாம் நான், அலுவலகம் விட்டு வந்த களைப்போடு. சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. செய்தி இருந்தால்தான் புத்தகம் விற்கும் என்று அதில் ஓயாமல் சொல்வார்கள். புத்தகம் வந்தது என்ற செய்திக்கு அவருடைய அக்காகூட எட்டிப் பார்த்ததில்லை. அதனால் வேறு செய்தி போட்டேன். வெளியூர் போன இடத்தில் அவருக்கு மாரடைப்பு, எல்லாம் அங்கேயே முடிந்தது என்று.

மாலைக்குள் ஊரே வாசகராகிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. மாடியறையில் உட்கார்ந்து அஞ்சலிகளைத் திரும்பத் திரும்பப் படித்துக் கண் கலங்கினார். "என்னைப் பத்தி எவ்வளவு நல்லா சொல்றாங்க பாரு. இன்னும் கொஞ்ச நாள் செத்தே இருக்கேன்," என்றார்.

வாசகர்கள் கடைசி நாவலைக் கேட்டார்கள். பாராட்டு மயக்கத்தில் அவருக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. நான் எழுதினேன், அடுப்படியில் நின்றபடி கைபேசியில் தட்டித் தட்டி. அதைத்தான் இப்போது எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நீங்களும் படித்தீர்களா? ரொம்ப சந்தோஷம் சார்.

அவரும் படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கேன். நாளைக்கே வெளிய வந்து எல்லாரையும் பாத்துடறேன்."

"எழுதினது நான்தாங்க."

"பேரு என்னோடதுதானே? போய்ச் சட்டையைத் தேய்ச்சு வை."

தேய்த்து வைத்தேன். அறையையும் பூட்டினேன்.

சும்மா இருந்தாரா? உயிரோடு இருப்பதாக இணையத்தில் போட்டார். வாசகர்கள் கொதித்துப் போனார்கள், செத்தவர் பெயரில் பிழைக்கிற போலி என்று. அந்தப் பதிவின்மேல் முதல் புகார் நான்தான் கொடுத்தேன். பிறகு சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி, ஜன்னல் வழியாகக் கைபேசியை வாங்கிக்கொண்டேன். அதற்குள் அவருடைய அக்கா பார்த்துப் போலீசுக்குச் சொல்லித் தொலைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம் கதவை இடித்து இடித்துப் பிரஷர் மாத்திரை கேட்டார். நீங்களே சொல்லுங்கள், ஊரறியச் செத்தவருக்கு மாத்திரை வாங்கப் போனால் மருந்துக் கடைக்காரர் என்ன நினைப்பார்?

நான் கொடுமைக்காரி என்று அவருடைய அக்கா சொன்னால் நம்பாதீர்கள். வேளாவேளைக்கு ஜன்னலில் சாப்பாடு வைத்தேன். முந்தாநாளிலிருந்து வைத்தது வைத்தபடி இருக்கிறது. கதவு இடிக்கிற சத்தமும் நின்றுவிட்டது.

சாவி இதோ. மெதுவாகத் திறந்து பாருங்கள் சார். ஒருவழியாக எழுத உட்கார்ந்திருக்கிறார்.