எட்டாவது கம்பிக்குப் பின்னால் வரும் சத்தம்

உட்காருங்கள் புனிதன். காப்பி கலக்கி வைத்திருக்கிறேன், சீனி குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். அதில் என்ன சத்தம் வருகிறது என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "மாணிக்கம் அண்ணே, மத்த ஏழு கம்பியும் நல்லாருக்கு. எட்டாவத மட்டும் தட்டினா, சத்தம் அடங்கினப்புறம் உள்ளேர்ந்து யாரோ கதவத் தட்டுற மாதிரி கேக்குதுண்ணே. மூணு வாட்டி. பக்கத்துல நின்ன டிரம்ஸ்காரனே திரும்பிப் பாத்துட்டான்." அதுவரைக்கும் எனக்கு வருத்தமில்லை. அதன்பிறகு ஒரு வார்த்தை சொன்னீர்கள்: "மரம் சரியில்லபோல லா." அதற்காகத்தான் உங்களைச் சிரம்பானிலிருந்து இவ்வளவு தூரம் வரச் சொன்னேன். பாலத்தடியில் ரோடு மோசமாக இருந்திருக்கும். மன்னிக்கவும்.

மரத்தில் குறையில்லை. அதை மட்டும் விளக்கிவிடுகிறேன்.

எட்டுக் கம்பிக் கிட்டார் சாதாரணக் கிட்டார் மாதிரி இல்லை. கழுத்து நீளம், அகலம். மிகத் தடித்த அந்தக் கடைசிக் கம்பி இரவும் பகலும் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். மரம் இளசாக இருந்தால் மெல்ல வளைந்துவிடும். உள்ளே இரும்பு வைத்தாலும் கம்பியின் சத்தம் சேற்றில் கல் விழுந்த மாதிரிதான் இருக்கும். உங்களுக்காக முதலில் செய்த கழுத்து ஒரு மழைக்காலத்தில் முறுக்கிக்கொண்டது. இரண்டாவதைச் செதுக்கும்போதே விரிசல் விட்டது. உடலுக்குப் பலா கிடைத்துவிட்டது. சுவா பக்கம் ஒருவர் வீட்டுக் கொல்லையில் காற்றுக்கு விழுந்த கிழட்டுப் பலா, நல்ல மஞ்சள். கழுத்துக்குத்தான் மரம் அமையவில்லை.

நான் மரத்தைக் கண்ணால் தேர்ந்தெடுப்பதில்லை. விரல் முட்டியால் தட்டிக் காதால் தேர்ந்தெடுப்பேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வீடியோ பார்த்தேன், பல மரத்தைக் கெடுத்தேன், கற்றுக்கொண்டேன். நல்ல மரத்தைத் தட்டினால் அது பேசி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். மட்டமான மரம் உடனே வாயை மூடிக்கொள்ளும்.

நான் இந்தப் பக்கத்து ஆள் இல்லை. கூலிமிலிருந்து வந்தவன். இங்கே, பெடாஸிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு வந்ததே, மரம் அறுக்கும் இயந்திரம் ஓடினாலும் குறைசொல்ல ஆளில்லை என்பதால்தான். ரப்பர் பால் மரமெல்லாம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது. சனங்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த இந்த ஒரு லயம் மட்டும் இடிக்காமல் நின்றது. வரிசையில் கடைசி வீடு என்னுடையது. அதற்கு அடுத்த வீட்டில் பஞ்சாலை என்ற அக்கா. மற்ற வீடுகளில் தகரத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பஞ்சாலை அக்காவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கிட்டாருக்கு அளவு சொல்ல வந்த அன்று, "என்னா தம்பி, எட்டுக் கம்பியா? ஆறு பத்தலியா ஒங்களுக்கு?" என்று வாசலில் நின்று சிரித்தாரே, அவர்தான். முன்பு பால் வெட்டினார். அப்புறம் போர்டிக்சனில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் வேலை. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் வருவார். அரசாங்க பிளாட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுச் சாவிக்குக் காத்திருந்தார். கணவர் இல்லை, பிள்ளை இல்லை.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். லயத்தில் ஒரு பழக்கம் இருந்ததாம். பால் வெட்டப் போகிற காலத்தில் முதலில் எழுந்தவர் பக்கத்துச் சுவரை மூன்று முறை தட்டுவார். அந்த வீட்டுக்காரர் பதிலுக்குத் தட்டிவிட்டு அடுத்த சுவரைத் தட்டுவார். இப்படியே வரிசை முழுக்க எழுந்துவிடும். அக்கா அதை விடவில்லை. ஊரே போன பிறகும் தினம் காலையில் என் சுவரைத் தட்டுவார். நான் பதில் தட்ட வேண்டும்.

"பதில் வரலேன்னா என்னாக்கா செய்வாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்னா செய்வாங்க? கையில இருக்கிறதப் போட்டுட்டு ஓடி வந்து பாக்கணும். அதான் லயத்துச் சட்டம். செத்துக் கெடக்கிறியா, தூங்குறியான்னு தெரிய வேணாம்?"

சும்மா சொல்லவில்லை. எனக்கு டெங்கி வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது பதில் தட்டவில்லை. அவர் வேலைக்குப் போகாமல் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஆஸ்பத்திரிக்கு வண்டி வரும்வரை என் தலையை மடியில் வைத்திருந்தார். எனக்கு அப்படி யாரும் செய்ததில்லை. நன்றி கெட்டவன் என்று நீங்கள் என்னை நினைக்கக் கூடாது.

ஒருநாள் காலை அவர் பலகையைத் தட்டாமல் சமையல்கட்டுத் தூணைத் தட்டினார். கையில் கரண்டி இருந்ததாம். நான் பாயில் படுத்திருந்தேன். அந்தச் சத்தம் சுவர் வழியாக வந்து, கூரை வரைக்கும் ஏறி, அப்புறமும் நின்றது. நான் பதில் தட்டக்கூட மறந்துவிட்டேன். அவர் ஓடி வந்துவிட்டார்.

"தூண இன்னொரு தடவ தட்டுங்கக்கா" என்றேன்.

"காய்ச்சல் திரும்பிருச்சா ஒனக்கு?"

மெர்பாவ் மரத் தூண். லயம் கட்டிய காலத்து மரம். கீழே அடுப்புப் புகையும் மேலே தகரச் சூடும் பட்டு, எந்தப் பட்டறையிலும் காயவைத்தெடுக்க முடியாத அளவுக்குக் காய்ந்திருந்தது. நீல பெயிண்டுக்குள்ளே இரத்தச் சிவப்பு. கூரையின் நடுவிட்டம் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

நான் கேட்டேன். கேட்காமல் எடுத்தேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

"அக்கா, இந்தத் தூண எனக்குக் குடுங்க. வேற தூண் வெச்சுத் தர்றேன்."

"அப்பறம் கூரைய நீ வந்து தாங்குவியா? போ தம்பி. பிளாட்டுச் சாவி கையில வரட்டும். அன்னைக்கு நானே கோடாலி எடுத்துக் குடுக்கிறேன், லயத்தையே வெட்டிக்க."

கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. பிறகு என்றுதான் சொன்னார். பிளாட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? நீங்களும் கிட்டார் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அதனால் அவர் வேலைக்குப் போன ஒருநாள், விட்டத்துக்கு முட்டுக் கொடுத்து, தூணை அறுத்து எடுத்தேன். அந்த இடத்தில் ரப்பர் மரத்தை வைத்தேன். அவ்வளவு நீளத்துக்கு ஒரே துண்டு என்னிடம் இல்லை. இரண்டு துண்டைச் சாய்வாகச் சீவி ஒட்டினேன். கிட்டார் கழுத்தையும் தலையையும் சேர்ப்பது மாதிரி அழகான ஒட்டு. அதே நீல பெயிண்டை அடித்து, அடுப்புக்கரியைத் தேய்த்துப் பழசாக்கினேன். அது கூரையைத் தாங்குகிற ஒட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். சாவி வரும்வரை தாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் காலை அவர் தூணைத் தட்டினார். உடனே வாயை மூடிக்கொண்டது.

"என்னா தம்பி, தூணுக்குச் சளி புடிச்சிருக்கு?"

"மழை ஈரம்க்கா."

"ஓ. அப்ப அதுக்கும் கொஞ்சம் கசாயம் வெக்கிறேன்" என்று சிரித்தார்.

காற்று வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்கா வீட்டில் இருந்தார், மீன் பொரிக்கிற வாசம் எனக்கு வந்தது. நான் உங்கள் கழுத்தின்மேல் கருங்காலிப் பலகையை ஒட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் விரல் ஓடுகிற பலகை அது. பசை தடவியாகிவிட்டால் நடுவில் விட முடியாது. மரம் வழுக்கிக் கோணிவிடும். வெளியே முதலில் தகரம் படபடத்தது. அப்புறம் ஒரு பெரிய சத்தம். என் பக்கச் சுவர் உள்ளே தள்ளி வந்து நின்றது. அவர் பக்கம் முழுதும் உட்கார்ந்துவிட்டது.

பிறகு தட்டும் சத்தம் கேட்டது. மூன்று முறை.

நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அழுத்திப் பிடிக்கும் கிளாம்பை ஒவ்வொன்றாக முறுக்கினேன். மறுபடி மூன்று முறை. கிளாம்ப் போட்ட பிறகு கை தேவையில்லைதான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் நின்று கேட்டேன். மட்டமான மரத்தில் தட்டுகிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது. அப்படியென்றால் அவர் கை எட்டுகிற இடத்தில் நான் வைத்த தூண் கிடக்கிறது. ஆட்கள் வந்து தகரத்தைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது அந்த ஒட்டுதான். பழைய தூண் எங்கே என்று தேடி, என் மேசைக்கு வருவார்கள். இந்தக் கழுத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இது மூன்றாவது கழுத்து, புனிதன்; அவ்வளவு நல்ல மரம் எனக்கு மறுபடி அமையாது.

நான் பதில் தட்டவில்லை.

மழை கொட்டியது. நான் வெளியே போய்ப் பின்பக்கமாகச் சுற்றினேன். தகரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் கொஞ்சம் சந்து இருந்தது. ஒட்டு பிரிந்திருந்தது. ஒரு துண்டு வெளியே கிடந்தது, எளிதாக எடுத்துவிட்டேன். இன்னொரு துண்டு தகரத்தை முட்டுக்கொடுத்த மாதிரி நின்றது. இழுத்தேன், வரவில்லை. மறுமுனையை யாரோ பிடித்திருந்தது தெரிந்தது.

"தம்பி வந்துட்டியா" என்றார் அக்கா. குரல் நன்றாகத்தான் இருந்தது. "நீ வருவேன்னு தெரியும்லா. மெதுவா, மெதுவா."

நான் கூரையைத் தூக்கத்தான் இழுக்கிறேன் என்று நினைத்து அவர் கையை விட்டார். துண்டு வந்துவிட்டது. கூரை இன்னும் கொஞ்சம் கீழே அமர்ந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

இரண்டு துண்டையும் செம்பனை மட்டைக் குவியலுக்குள் செருகினேன். பழைய தூணில் மீந்த அடித்துண்டைக் கொண்டுவந்து அந்த இடத்தில் போட்டேன். சிமெண்டுத் தரையில் இரத்தம் இல்லை. அப்புறம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக் காப்பிக்கடை தர்மராஜ் அண்ணனிடம் ஓடினேன். அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து தகரத்தைத் தூக்கினார். அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கை இன்னும் சூடா இருக்குடா மாணிக்கம். பக்கத்துலதானே இருந்த? ஒண்ணும் கேக்கலியா ஒனக்கு?"

"தகரத்துல மழ சத்தம்ணே."

போலீஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். எல்லோரும் கறையான் என்றார்கள், பழைய வீடு என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. சுடுகாட்டில் கொள்ளி வைக்க ஆள் இல்லாததால் தர்மராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான்தான் வைத்தேன். அக்கா என்னைத் தம்பி என்றுதானே கூப்பிட்டார்.

கிட்டாரை முடித்துக் கம்பி கட்டிய அன்றே அந்தச் சத்தத்தை நான் கேட்டுவிட்டேன். எட்டாவது கம்பியை மீட்டினேன். கழுத்து நேராக இருந்தது, நாதம் நீளமாக நின்றது, நான் நினைத்ததைவிட நீளமாக. அது அடங்கியதும் மூன்று முறை. கம்பியைக் கழற்றினேன். கழுத்துக்குள் இருக்கும் இரும்பைத் தளர்த்திப் பார்த்தேன். கம்பிச் சத்தத்தைப் பிடிக்கும் காந்தத்தை மாற்றினேன், திருகுகளை இறுக்கினேன். எங்கேயும் எதுவும் ஆடவில்லை. பிறகு யோசித்தேன். அதனால்தான் உங்களுக்கு இதைத் தைரியமாகச் சொல்ல முடிகிறது.

அவர் தட்டியது ரப்பர் மரத்தில். அந்த நேரத்தில் இந்த மெர்பாவ் என் மேசையில், கிளாம்புக்குள், பசையோடு இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம். ஆகவே அந்தச் சத்தம் இதற்குள் போயிருக்க வழியே இல்லை. கழுத்தை மாற்றச் சொல்லாதீர்கள். வேறு மரத்தில் போட்டாலும் இப்படித்தான் கேட்கும்.

எழுந்துவிட்டீர்களே, காப்பியைத் தொடவே இல்லை. போலீசுக்குப் போவதென்றால் போங்கள், நான் எங்கேயும் ஓடப் போவதில்லை. கிட்டாரை மட்டும் வெயிலில் காரில் வைத்துவிடாதீர்கள், பசை இளகிவிடும்.

பஞ்சாலை அக்காவுக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். அந்தப் பக்கம் இப்போது புல்லும் மண்ணும்தான். ஆனாலும் காலையில் பலகையில் மூன்று முறை கேட்கும். ஒருநாள்கூட நான் பதில் தட்டாமல் இருந்ததில்லை.